அரை மில்லி

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் அச்சாகி வரும். அந்தப் பெயரைச் சொல்லித் தேடிப்போனால் பட்டறையில் ஒருத்தருக்கும் ஆள் யாரென்று தெரியாது. மில்லிமீட்டர் என்று கேட்டால்தான், "அதோ, மூஞ்சிய உர்ர்னு வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்" என்று கை காட்டுவார்கள்.

மேஜையும் அலமாரியும் செய்கிற பட்டறை அது. மில்லிமீட்டருக்கு அங்கே டிராயர் வேலை. இருபத்தேழு வருஷமாக டிராயர், டிராயர், டிராயர்தான். எந்த டிராயர் செய்தாலும் நாலு பக்கமும் அரை மில்லி இடைவெளி விட வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். விடாவிட்டால் மழைக்காலத்தில் மரம் ஊதிச் சிக்கிக்கொள்ளும், வாங்கினவர் போன் போட்டுக் காதைக் கிழிப்பார். மில்லிமீட்டருக்கு அந்த அரை மில்லி கையிலேயே ஊறிப்போயிருந்தது. ஸ்கேல் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கட்டைவிரல் நகத்தை இடுக்கில் ஓட்டிப் பார்த்து, "இங்க கூடிப்போச்சு" என்றால் கூடித்தான் போயிருக்கும்.

இதில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அவர் சொல்வதுதான். கல்யாண வீட்டுக்குப் போனால் மேடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அண்ணனைப் பார்க்கப் போய், கட்டில் கால் ஆடுகிறது என்று நர்ஸிடம் மல்லுக்கு நின்றார். ரொம்ப ரொம்பப் பிடித்துவிட்டால் "தப்பில்ல" என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அவ்வளவுதான். அவர் மனைவி வீட்டு முன்னறையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். இருபத்துமூன்று வருஷமாக அவள் சமையலும் தப்பில்ல, அவள் தையலும் தப்பில்ல. ஒரு தடவை புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதுவும் தப்பில்ல.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தோதாக ஊரில் ஒரு கூட்டமும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மரக்கடையின் பின்பக்க ஹாலில் பதினாலு பேர் கூடுவார்கள். பல் டாக்டர், பஸ் டிரைவர், கணக்கு டீச்சர் என்று எல்லாரும் ஆசைக்கு மரவேலை செய்கிறவர்கள். தொழிலாகவே செய்கிறவர் மில்லிமீட்டர் ஒருத்தர்தான். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை. செய்து கொண்டுவந்த பெட்டி வட்டத்தில் கை மாறிக் கை மாறிப் போகும். வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும், திறந்து மூட வேண்டும், பிறகு ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது. "பாராட்டு வேணும்னா வீட்டுக்குப் போங்கய்யா, பொண்டாட்டி பாராட்டுவா" என்பார் கடையை நடத்துகிற மரக்கடை அம்மா. செய்தவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்பதற்காக, பெட்டி சுற்றி முடிகிற வரைக்கும் அவர் ஒரு பென்சிலைப் பல்லில் கவ்விக்கொண்டு உட்கார வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, குறைகளில் ஆகக் குறைச்சலாக வாங்கிய பெட்டி கடை வாசல் கண்ணாடி அலமாரிக்குப் போகும். ஒரு வருஷம் அங்கே நிற்கும். ஆறு வருஷமாக அந்த இடம் மில்லிமீட்டருடையது.

பொண்டாட்டி பாராட்டுவாள் என்றாரே மரக்கடை அம்மா, கோளாறே அங்கேதான். அலமாரியில் வருஷம் முடிந்து வீட்டுக்கு வந்த பெட்டிகளை அவர் மனைவியிடம் கொடுப்பார். அவளும் வாங்கி ஒன்றில் பட்டன் போட்டாள், ஒன்றில் ஜிப் போட்டாள், ஒன்றில் நூல் சுற்றும் பாபின். பட்டன் வேண்டுமென்றால் திறப்பாள், எடுத்தால் மூடுவாள். சும்மா ஒரு தடவையாவது, பார்க்க ஆசையாக இருக்கிறதே என்று அவள் கை தானாக ஒரு பெட்டியிடம் போகாதா என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பூத்துவிட்டது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் மில்லிமீட்டர் இல்லையே.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சகலை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை அவருக்கு. அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் பெயரும் டோக்கன்தான். நாற்பது வயது வரை ஆணி அடிக்கத் தெரியாத மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் யாரோ பெட்டி செய்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, நானும் செய்கிறேன் என்று இறங்கிவிட்டார். மில்லிமீட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "போன்ல பாத்து நீச்சல் கத்துக்கிட்டவன் கத மாதிரி இருக்கு" என்றார். டோக்கனும் கூடச் சேர்ந்து சிரித்தார். கோபமே வராத ஜென்மம். அதைவிட எரிச்சல் வேறென்ன இருக்கிறது? செய்கிற ஒவ்வொரு பெட்டியையும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணே, குறை சொல்லுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். போய்த் திருத்திவிட்டு, எழுதினதுக்குப் பக்கத்தில் டிக் போடுவார்.

அந்த வருஷக் கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை ஈரம் காயவில்லை, டோக்கன் மனைவியோடு வந்து நின்றார். துண்டைப் பிரித்தார்.

சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. உடம்பு கருத்த மரம். மூடியில் வெளுத்ததும் கருத்ததுமாக மெல்லிய பட்டைகளை அலை அலையாக வளைத்துப் பதித்திருந்தார். கீல் கிடையாது. பெட்டிக்குள் சுற்றிலும் ஒட்டாமல் செருகிய மெல்லிய உள்பலகை விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்க, மூடி அதன்மேல் இறங்கி உட்காருகிற மாதிரி வேலை. மில்லிமீட்டர் கை நீட்டுவதற்கு முன்னால் அவர் மனைவி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மூடியைத் தூக்கி, பழையபடி வைத்துக் கையை விட்டாள். மூடி விழவில்லை. தானாக, மெல்ல, மெல்ல, கீழே இறங்கியது. கடைசியில் 'ஹ்ம்ம்' என்று ஒரு சத்தம்.

"ஏய், இது மூச்சு விடுதுடி!" என்றாள் தங்கையிடம்.

மறுபடி தூக்கினாள், விட்டாள். ஹ்ம்ம். சிரித்தாள். மறுபடி. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மில்லிமீட்டர் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. பதினோரு தடவை. அவர் எண்ணினார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டு எரிந்தது.

சூட்சுமம் அவருக்குத் தெரியாததில்லை. மூடிக்கும் உள்பலகைக்கும் நடுவே இடைவெளியே இல்லை, உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, அதுதான் மூச்சு. இருபத்தேழு வருஷத்தில் அவர் இப்படி ஒன்று செய்து பார்த்ததில்லை. செய்திருப்பாரா? கைதான் அரை மில்லி விடாமல் நிற்காதே. அரை மில்லி விட வேண்டும் என்று டோக்கனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அந்த ஆள் பாட்டுக்குச் செய்துவிட்டார். சட்டம் தெரியாதவனுக்கு வந்த அதிர்ஷ்டம் என்று மில்லிமீட்டர் பல்லைக் கடித்தார். அதிர்ஷ்டம் இல்லை என்பது அவருக்கே தெரியும், அதனால்தான் அவ்வளவு கடி.

"மொத தடவையா சனிக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டு போறேன் அண்ணே" என்று நோட்டை விரித்தார் டோக்கன். "அதுக்கு முன்னாடி நீங்க பாத்துருங்க. ஒளிவு மறைவே வேணாம், கிழிச்சுருங்க."

மில்லிமீட்டர் பெட்டியை வாங்கினார். நகத்தை ஓட்டினார். நாலு மூலையிலும் மரத்தின் கோடு அறுபடாமல் திரும்பிப் போயிருந்தது. அடியில் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நன்றாகக் காய்ந்த பழைய மரம், உள்ளேயும் வெளியேயும் பாலிஷ். பத்து மழைக்கும் ஊதாது. தலைகீழாக நின்று தேடினாலும் ஒரு குறை அகப்படாது போலிருந்தது. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் நாக்கில் எது வந்து உட்கார்ந்ததோ.

"மூடி இறுக்கமா இருக்கு" என்றார்.

டோக்கன் எழுதினார்.

"மழை வந்தா மரம் ஊதும். சிக்கிக்கும், தெறக்கவே வராது. உள்பலகைய நாலு பக்கமும் அரை மில்லி எழைச்சு எடுத்துருங்க."

"அரை... மில்லி" என்று சொல்லிக்கொண்டே எழுதி அடிக்கோடும் போட்டார் டோக்கன்.

"ஏங்க, அப்புறம் அந்த மூச்சு வருமா?" என்றாள் மனைவி.

"மூச்சு விட அதென்ன ஆடா மாடா? பெட்டிடி."

எல்லாரும் சிரித்தார்கள். மில்லிமீட்டரும் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில், தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு மனைவி கேட்டாள். "நெஜமாவே இறுக்கமாவா இருந்துச்சு?"

"உனக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?"

"மரத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பட்டறையில் மண்டை காய்ந்தது அவருக்கு. ஒரு டிராயர் கோணலாகப் போனது, இன்னொன்று இடித்தது. செய்தது அயோக்கியத்தனம் என்று ஒரு மனசு சொன்னது. என்ன பெரிய அயோக்கியத்தனம், பட்டறைச் சட்டத்தைத்தானே சொன்னேன் என்று இன்னொரு மனசு வக்காலத்து வாங்கியது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பொறுக்க மாட்டாமல் போனை எடுத்தார். இழைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான், இரண்டே வார்த்தை.

"சொல்லுங்க அண்ணே!" என்றார் டோக்கன். பின்னால் யாரோ நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று கூப்பிடும் சத்தம். "நேத்தே முடிச்சுட்டேன் அண்ணே. நீங்க சொன்னா அதுக்கு அப்பீலே கெடையாது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. வருத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. எது முதலில் வந்தது என்பதை அவர் கவனித்துவிட்டார், அதை மறக்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. வருஷக் கூட்டம் என்பதால் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. முதலில் மில்லிமீட்டர் பெட்டி சுற்றியது. அவர் பென்சிலைக் கவ்விக்கொண்டார். கண்ணை மூடினார்கள், தடவினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். கணக்கு டீச்சர் பாலிஷ் ஒரு மூலையில் தடிப்பு என்றார். பஸ் டிரைவர் அடியில் துணி ஒட்டியிருக்கலாம் என்றார். மிச்சம் பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, "தப்பில்ல" என்றார்கள். அவர் சொல்லைத்தான் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள், கேலிக்கில்லை, மரியாதைக்குத்தான். ஆனால் அதைப் பென்சிலும் வாயுமாக உட்கார்ந்து கேட்டபோது, இந்த வார்த்தை இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் டோக்கன் பெட்டி. துண்டைப் பிரித்ததுமே ஹாலில் ஒரு சலசலப்பு. கண்ணை மூடித் தடவியவர்களின் விரல் மூடியின் அலைமேல் நின்று நின்று போனது. முதலில் வாங்கிய பல் டாக்டர் திறந்தார், மூடினார். டக்.

"மூடி லூசு" என்றார்.

அடுத்தவர். டக். "மூடிதான். ஆடுது."

டக். "மத்ததெல்லாம் இவ்வளவு நுணுக்கமா செஞ்சுட்டு மூடியில கோட்டை விட்டுட்டீங்களே."

டக், டக், டக் என்று பெட்டி வட்டம் சுற்றி வந்தது. மரக்கடை அம்மா மூடியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஒரு அரை மில்லி எடுக்காம விட்டிருந்தா இந்தப் பெட்டிய அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார். டோக்கன் பென்சிலைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு குறைக்கும் தலையை ஆட்டிப் பேனாவால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன்தான் சொன்னார் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை, சரி. கண் இருந்ததே! அந்தக் கண் ஒரு தடவைகூட மில்லிமீட்டர் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாகப் பெட்டி மில்லிமீட்டரிடம் வந்தது. கண்ணை மூடினார். பெட்டியைத் திறந்தார். கையை விடாமல் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் மூடினார்.

"என்ன மில்லிமீட்டர், குறை சொல்லுங்க."

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஏழு வருஷத்தில் அந்த வாய் குறை சொல்லாமல் விட்ட முதல் பெட்டி. சகலைக்காக விட்டுக்கொடுக்கிறார், பெரிய மனசு என்று பஸ் டிரைவர் தொடையில் தட்டினார். சுவர் ஓரத்தில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

மில்லிமீட்டர் பெட்டி ஏழாவது தடவையாகக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. கை தட்டினார்கள். டோக்கன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் டோக்கன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அவர் கவ்விய பென்சில். அதில் பல் பதிந்த குழிகள். பக்கத்தில் அக்காவும் தங்கையும்.

"மன்னிச்சுருங்க அண்ணே" என்றார் டோக்கன். "நீங்க அரை மில்லின்னு கரெக்டாத்தான் சொன்னீங்க. என் கையில ஒரு மில்லி போயிருக்கும். ரெண்டு வருஷமா நீங்க சொன்னது ஒண்ணுகூடப் பொய்யாப் போனதில்ல. உங்க பேச்சக் கெடுத்துட்டேன்."

திட்டியிருந்தால் மில்லிமீட்டர் பதிலுக்குத் திட்டியிருப்பார். இதற்கு என்ன செய்வது? டோக்கன் கக்கத்தில் இடுக்கியிருந்த நோட்டை வாங்கினார். பின்பக்கத்தில் ஒரு தாளைக் கிழித்தார். நாலு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஐந்து மடிப்பாக மடித்தார். நோட்டுத் தாள் ஐந்து சேர்ந்தால் அரை மில்லி, இது அவருக்கு மனப்பாடம். துண்டைப் பிரித்து, மூடிக்கும் உள்பலகைக்கும் நடுவே நாலு பக்கமும் செருகினார். மூடி கச்சிதமாக நின்றது. இம்மி ஆடவில்லை.

"பாத்தீங்களா? சரியா அரை மில்லி. உங்க கை தப்புப் பண்ணல."

"அப்புறம் எப்படி அண்ணே?"

"நான் சொன்னதுதான் தப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன். மூடி இறுக்கமாவே இல்ல. எனக்கு வயித்தெரிச்சல், போதுமா? பொறாமை. அதான் கெடுத்தேன்."

சொல்லிவிட்டு அடி வாங்கத் தயாராக நின்றார். டோக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, நான் மனசொடஞ்சு போயிரக் கூடாதுன்னு உங்க மேலயே பழியப் போட்டுக்கறீங்களே! என்ன மனுஷன் அண்ணே நீங்க!" என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நெஜமாத்தான்யா சொல்றேன்!"

"சும்மா இருங்கண்ணே. போன்ல பாத்துக் கத்துக்கிட்ட ஆளப் பாத்து உங்களுக்குப் பொறாமையா? யார் காதுல பூ சுத்தறீங்க?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைச் சைக்கிளில் கட்டிவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மில்லிமீட்டருக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனைவி முன்னால் நடந்தாள். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தையல் மெஷின்மேல் கிடந்த துணியை மடித்து வைத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"அவரு நம்பலைங்க" என்றாள். "நான் நம்பறேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொட்டிக்கு நீங்களே புது உள்பலகை வச்சுக் குடுங்க. மூச்சு வரணும்."

"எனக்கு அது வருமான்னு தெரியலடி" என்றார் மில்லிமீட்டர். மரத்தைப் பற்றித் தெரியவில்லை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ அதைப் பதினோரு தடவ தெறந்து மூடின. என் பொட்டிய நீ ஒருநாளும் அப்படிப் பண்ணதில்ல."

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் தெச்சதையெல்லாம் நீங்க ஒருநாளாவது நல்லா இருக்குன்னு சொல்லுவீங்களான்னு நானும் இருவத்திமூணு வருஷமா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் திரும்பி, அவள் மடித்து வைத்த துணியின் தையலைப் பார்த்தார்.

"அந்த மூச்சு உங்களுக்கு வராதுன்னா, தெரிஞ்சவருகிட்டயே போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்லிமீட்டர் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். டோக்கன் வீட்டுக் கதவைத் தட்டினார். மச்சினிதான் திறந்தாள். "வாங்க மாமா" என்றவள், அவர் கையைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். டோக்கன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே, கையில நோட்டு?"

"அந்த மூச்சு எப்படி வரவச்சீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க, எழுதிக்கறேன்."

டோக்கன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அதுல என்னண்ணே இருக்கு? எடைவெளி விடவே கூடாது. அவ்வளவுதான்."

மில்லிமீட்டர் முதல் பக்கத்தில் 'சகலை சொன்னது' என்று தலைப்புப் போட்டார். அதன் கீழே, டோக்கன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி, அடிக்கோடும் போட்டார். எழுதும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.